மொட்டைமாடிப் பன்மை

ஏப்ரல் 4

அன்புள்ள துணைவிக்கு,

இங்கே வெயிலைத் தவிர, குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கும் குறை அவ்வளவே என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிறு நாம் தொலைபேசியில் பேசியது வழக்கம்போல வழக்காடலில் முடிந்தது. குரலை முதலில் உயர்த்தியவர் யார் என்று இப்போது ஆராய்ந்து பயனில்லை. நீ சொன்ன யோசனையை ஏற்கிறேன்: இனிக் கடிதம் மட்டும், கடிதத்தில் இரவு என்ன சமைத்தோம் என்பது மட்டும். நாம் சண்டையிடாமல் பேசிய ஒரே பொருள் அதுதான் என்றாய். மறுக்க முயன்றேன், சான்று கிடைக்கவில்லை.

தெளிவுக்காக விதிகளை எழுத்தில் தருகிறேன். பழைய பேச்சை எடுக்கக் கூடாது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி கூடாது. கடையில் வாங்கி உண்டதைச் சமைத்ததாக எழுதக் கூடாது.

விலக்கு ஒன்று உண்டு. உன் தற்காலிகப் பணி மாறுதல் ஜூன் இறுதியில் முடிகிறது. மீண்டும் நீட்டிக்கக் கேட்பாயா, வீடு திரும்புவாயா என்பதை அதற்குள் நீ சொல்ல வேண்டும். தனியாளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று வீட்டு உரிமையாளர் கேட்கத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு பதிலைத் தவிர வேறெதையும் உன்னிடம் கேட்கமாட்டேன்.

நேற்றிரவு: தயிரில் வெள்ளரிக்காய். வெள்ளரியைச் சீவி, உப்பிட்டு, விட்ட நீரைப் பிழிந்தேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்கினேன். காலையில் வடித்த சோறு இருந்தது. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அடுப்பின்றிச் செய்ததைச் சமையல் எனலாமா என்று ஐயம் எழுந்தது. கத்தி, உப்பு, பொறுமை மூன்றும் செலவானதால் எனலாம் என்று முடிவு செய்தேன்.

உன் கணவன்


ஏப்ரல் 12

அன்புள்ள ஒற்றருக்கு,

உங்கள் அச்சகத்தார் வைத்த பட்டப்பெயரையே எழுதிவிட்டேன், கோபிக்காதீர்கள். விட்டுப்போன ஒற்றெழுத்தை வேவு பார்த்துப் பிடிக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? சட்டப் புத்தகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவர் சமையலுக்கும் சட்டம் போட்டதில் எனக்கு வியப்பில்லை. ஒரு விதி மட்டும் விட்டுப்போயிருக்கிறது: சிரிக்கலாமா, கூடாதா?

இங்கே வெயில் என்றால் வெயில், அப்படி ஒரு வெயில். பல் மருத்துவமனையில் என் எக்ஸ்ரே அறை மட்டும் குளிர்ந்து கிடக்கும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நோயாளிகள் தூங்கிவிடுகிறார்கள். வெளியே வந்தால் காற்று முகத்தில் அறைகிறது. வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கத்துச் சுவர்.

நேற்றிரவு பூசணிக்காய். துண்டு போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, குழைய வேகவைத்துக் கடைந்தேன். மிளகும் உப்பும் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் அதை நன்றாக ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவாமலே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

நீங்கள் வெறும் தயிரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வயிறு காய்ந்தால் உங்களுக்குக் கோபம் வரும். பழைய பேச்சு எடுக்கவில்லை; மருத்துவக் குறிப்பு சொன்னேன்.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 19

அன்புள்ள துணைவிக்கு,

சிரிக்கலாம். விதியில் தடை இல்லாதது அனுமதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

நேற்றிரவு: உருளைக்கிழங்கும் முட்டையும். இரண்டையும் விடியற்காலையில், சமையலறை சூடேறுமுன் வேகவைத்துவிட்டேன். மாலையில் கிழங்கை உதிர்க்காமல் வெட்டி, வெங்காயத் தாளும் கடுகு அரைத்த எண்ணெயும் சேர்த்துப் புரட்டினேன். முட்டையை நான்காக வெட்டும்போது கத்தியை ஒவ்வொரு முறையும் துடைத்தால் மஞ்சள் கரு வெள்ளையில் படாது. பார்க்க நன்றாக இருந்தது. பார்க்க ஆள் இல்லை.

உன் கடிதத்தில் சிறு திருத்தம் ஒன்று. தொழில் வழக்கம், பொறுத்துக்கொள். ‘நாங்கள் சாப்பிட்டோம்’ என்று எழுதியிருக்கிறாய். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. கேட்பவரை விலக்கிப் பலரைச் சொன்னால் ‘நாங்கள்’. நான் அங்கே இல்லாததால் ‘நாம்’ பொருந்தாது. நீ தனியாக வசிப்பதால் ‘நாங்கள்’ பொருந்தாது. ஆகவே ‘நான்’ என்றே இருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பிழை எனக்கு வருத்தம் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருமணமான நாள் முதல் இருவராக உட்கார்ந்து உண்ட பழக்கம் உன் கையைவிட்டு இன்னும் போகவில்லை. ஒருமை எழுத வேண்டிய இடத்தில் பன்மை விழுந்துவிட்டது. பிழைகளைப் பார்த்துப் பிழைப்பவன் நான். ஒரு பிழையைப் பார்த்து மகிழ்ந்தது இதுவே முதல் முறை. அந்த வரியை மறுபடியும் மறுபடியும் படித்தேன்.

நேற்று வீட்டு உரிமையாளர் படியில் நிறுத்திக் கேட்டார். “தொடர்ந்து இருப்போம்” என்று சொல்லிவிட்டேன். உன்னை இது கட்டுப்படுத்தாது. உன் பதிலுக்கு ஜூன் இறுதிவரை காலம் உண்டு.

உன் கணவன்


ஏப்ரல் 29

அன்புள்ள ஒற்றருக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அது பிழை இல்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் அடுப்படியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். “ஏம்மா, உள்ள உக்காந்து நீயே வெந்துட்டா அப்புறம் எதைச் சாப்பிடுவ? சட்டியோட மேல வா” என்றார். மேலே போனேன். மொட்டைமாடியில் பழைய பாயை விரித்து அவரும், எதிர்வீட்டுப் பேருந்து நடத்துநரும், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் வீட்டில் அன்று என்ன கொதித்ததோ அது நடுவில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் இதுதான்.

நடத்துநர் தக்காளியும் வெங்காயமும் வதக்கி முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டு வருவார். வேறெதுவும் அவருக்கு வராது. “நாள் பூரா ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்துறவன் நான். சோத்துக்காச்சும் வெளிய இருந்துக்கறேனே” என்பார். பங்கு போடுவது பெரியவர் பொறுப்பு. “தள்ளி உக்காருங்கப்பா, எல்லைத் தகராறு வரும்” என்று சொல்லிக்கொண்டே அக்கா பங்கில் கை வைப்பார். அக்கா கரண்டியால் ஒன்று போடுவார். தட்டு கிடையாது, ஒரே சட்டியில் ஆளுக்கொரு கரண்டி.

நான் மறைக்கவில்லை. என்ன சமைத்தோம் என்று எழுதத்தான் விதி இருந்தது. யாரோடு சாப்பிட்டோம் என்று எழுத விதி இல்லை. இப்படிச் சொல்லும்போது உங்களைப் போலவே பேசுகிறேன், பாருங்கள்.

அந்தச் சொல்லை நான் யோசித்து எழுதவில்லை. கை தானாக எழுதியது. நீங்கள் அதை வேறு மாதிரிப் படித்து மகிழ்ந்தீர்கள் என்றபோது நான் எழுதிய வரியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். உங்கள் இலக்கணம் சரிதான். உங்களை விலக்கிவிட்டுத்தான் அந்தச் சொல் வந்திருக்கிறது. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

வீட்டு உரிமையாளரிடம் அவசரப்பட்டுவிட்டீர்களோ?

நேற்று நான் கொண்டு போனது கத்தரிக்காய். சுட்டு, தோலுரித்து, பிசைந்தது. கொஞ்சம் கருகல் வாடை. அப்படியும் சட்டி காலி.

உங்கள்
வீட்டுக்காரி


மே 8

அன்புள்ள துணைவிக்கு,

விளக்கம் கிடைத்தது. சொல் சரியானது. திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வெப்பம் மிகுந்த காலத்தில் திறந்த வெளியில் உண்பது அறிவுக்கு ஒத்த ஏற்பாடே. ஒரே பாத்திரத்தில் பலர் கரண்டி இடுவதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, கேட்கப்படாததால் சொல்லவில்லை.

நானும் அவ்வாறு செய்து பார்க்க விரும்பினேன். நேற்று பச்சைப் பயறை வேகவைத்து, ஆறியபின் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் கலந்து, கிண்ணத்துடன் மேலே போனேன். நம் குடியிருப்பின் மொட்டைமாடி பூட்டியிருந்தது. காவலாளியிடம் சாவி கேட்டேன்.

“பூட்டி வைக்கணும்னு போர்டு எழுதிக் குடுத்ததே நீங்கதானே சார்?” என்றார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுதினேன். அதை மறந்துவிடவில்லை. எழுதியவனுக்கும் அது பொருந்தும் என்பது மட்டும் நினைவில் இல்லை.

“செயலாளர் எழுத்துல அனுமதி குடுத்தா தெறக்கலாம்னு போட்டிருக்கு சார். வேணும்னா நீங்களே உங்களுக்கு ஒண்ணு எழுதிக்குங்க” என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வழி சொன்னார். எனக்கு நானே அனுமதிக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்து மேலே போனேன். தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக உட்கார்ந்து உண்டேன். காற்று நன்றாக இருந்தது. யாரும் வரவில்லை. வரக் கூடாது என்பதுதானே விதி.

ஒரு வேண்டுகோள். ஜூன் முதல் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. நான் அங்கே வரலாமா? தங்க இடம் வேண்டாம்; இரவுப் பேருந்தில் திரும்பிவிடுவேன். உங்கள் மாடியில் ஒரு வேளை உண்ண விரும்புகிறேன். எதைக் கொண்டு வரவேண்டும் என்று எழுது.

உன் கணவன்


மே 17

அன்புள்ள ஒற்றருக்கு,

வாருங்கள். அந்த உருளைக்கிழங்கும் முட்டையும் கொண்டு வாருங்கள். கத்தியைத் துடைத்துத் துடைத்து வெட்டியதை அக்காவிடம் சொன்னேன். “அந்தக் கைய என் கடைக்கு அனுப்பு, பொத்தான் துளை போடச் சொல்றேன்” என்றார்.

எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். நடத்துநர், “உங்க வீட்டுக்காரரு காரம் தாங்குவாரா, இல்ல அவருக்குத் தனியா ஒண்ணு கிண்டணுமா?” என்று தினமும் கேட்கிறார். பெரியவர் பாயில் உங்களுக்கு இடம் அளந்து வைத்துவிட்டார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேலே யாரையும் திருத்தாதீர்கள். பேச்சையும் வேண்டாம், சாப்பாட்டையும் வேண்டாம்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய பதிலை இன்னும் முடிவு செய்யவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே முடிவு செய்யவில்லை. நீங்கள் வந்து போங்கள். அதற்குப் பிறகு சொல்கிறேன்.

நேற்று வெறும் தர்பூசணி. சமைக்கவில்லை, விதிப்படி இதை எழுதியே இருக்கக் கூடாது.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூன் 9

அன்புள்ள துணைவிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உனக்கும் மாடியிலுள்ள மூவருக்கும் நன்றி. அவர்களிடம் தெரிவித்துவிடு.

மாலை சிறப்பாக நிகழ்ந்தது என்றே கருதுகிறேன். உன் நிபந்தனையை முழுமையாகக் காப்பாற்றினேன். நடத்துநர் ‘வாளப்பளம்’, ‘வாளப்பளம்’ என்று சொல்லிக்கொண்டே போனபோதும் நான் வாய் திறக்கவில்லை, நீ கவனித்திருப்பாய். நான் கையோடு காகிதத் தட்டுகள் கொண்டு வந்தது பயனுள்ளதாயிற்று. யாரையும் வற்புறுத்தவில்லை. என் பக்கத்தில் அடுக்கி வைத்தேன், அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொருவரும் தம் தட்டில் தம் பங்கை வாங்கி, நேராக உட்கார்ந்து, அமைதியாக உண்டது பார்க்க நிறைவாக இருந்தது. “சார் வந்ததுல எல்லாம் ஒழுங்கா இருக்கு” என்று அக்காவே சொன்னார். ஒருமுறை எனக்கு ‘போதுமா தம்பி’ என்றவர் உடனே ‘போதுமா சார்’ என்று மாற்றிக்கொண்டார். ‘தம்பி’யே இருக்கலாம் என்று சொல்ல எண்ணினேன், அது திருத்தம் ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். என் பேருந்து தவறிவிடக் கூடாதே என்று நடத்துநர் அக்கறையோடு மீண்டும் மீண்டும் விசாரித்தார். பெரியவர் நிறுத்தம்வரை வழி சொல்லி அனுப்பினார். இத்தகைய மனிதர்களை நீ பெற்றிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி; இதை மனமாரச் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நம் குடியிருப்பின் மாடியைப் பூட்டிவைக்கக் காரணம் ஏதும் இல்லை. மாலை வேளையில் அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறேன். நீ திரும்பி வரும்போது இங்கேயும் அப்படி உட்காரலாம். பக்கத்து வீட்டாரை எப்படி அழைப்பது என்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஜூன் இறுதி நெருங்குகிறது. பதிலை எதிர்நோக்குகிறேன்.

நேற்றிரவு ஒன்றும் சமைக்கவில்லை. நீ கட்டிக் கொடுத்த கத்தரிக்காய் இருந்தது. அதை உண்டேன்.

உன் கணவன்


ஜூன் 20

அன்புள்ள ஒற்றருக்கு,

நான் திரும்பி வரப்போவதில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கடைசிவரை தேடவைத்தால் அது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை.

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அன்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தக் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் பேருந்தில் வந்தவரை யார் குறை சொல்ல முடியும்?

மறுநாள் மாலை நாங்கள் மேலே போனோம். எல்லோரும் அவரவர் சட்டியை மூடியே வைத்திருந்தார்கள். பிறகு நடத்துநர் மெதுவாகக் கேட்டார்: “சார் போயிட்டாரா? நிச்சயமா?” அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெரியவர் மிச்சமிருந்த காகிதத் தட்டு ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டே, நிமிர்ந்து உட்கார்ந்து, “நன்றி. போதும்” என்று உங்கள் குரலில் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை. நல்லவர்கள்தான். பயந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான்.

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். உங்கள் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன் என்றால் வேறு. தோன்றவே இல்லை. முன்பெல்லாம் உங்களோடு நான் எவ்வளவு சண்டை போட்டாலும், வெளியார் ஒருவர் உங்களை ஒரு சொல் சொன்னால் பாய்ந்து விழுவேன். அந்த மனுஷி எப்போது போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இல்லாமல் நான் மட்டும் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது நியாயம் இல்லை.

மாடியைத் திறந்துவிடுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் திறந்துவிடுங்கள்.

இன்று என்ன சமைத்தேன் என்று எழுத மனம் வரவில்லை.

அன்புடன்,
நான்


ஜூன் 27

அன்புள்ள உனக்கு,

குறித்த காலத்துக்குள் பதில் வந்தது. முதல் வரியிலேயே சொன்னதற்கு நன்றி.

வீட்டு உரிமையாளரிடம் தெரிவித்துவிட்டேன். அச்சகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. சமையல் மேடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கதவைச் சாத்தினால்தான் அடுப்புக்குப் போக முடியும். உன் துணிகளும் புத்தகங்களும் தனிப் பெட்டியில் வந்து சேரும். பாத்திரங்களில் எது உன்னுடையது, எது என்னுடையது என்று பிரிக்க முயன்றேன். முடியவில்லை. எல்லாவற்றையும் அனுப்புகிறேன்.

மாடித் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை. இத்தனை நாள் இதை ஏன் கொண்டு வரவில்லை என்றுதான் கேட்டார்கள். இப்போது மாலையில் மேலே ஆள் நடமாட்டம் கேட்கிறது. யாரோ கிண்ணத்தைத் தட்டிப் பாடுகிறார்கள். காவலாளி வந்து, “வாங்க சார், நீங்க தெறந்து விட்டதுதானே” என்று அழைத்தார். காலி செய்ய அறிவிப்புக் கொடுத்த குடும்பத்துக்குப் பொதுவிடத்தில் உரிமை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு விதி கிடையாது.

அவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நீ சிரித்தாய் என்பதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினாய். அதுவும் சரியே.

இரவுச் சமையலைப் பற்றி இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. விதிகள் அனைத்தும் இத்துடன் விலக்கிக்கொள்ளப்படுகின்றன.

அன்புடன்,
ஒற்றர்


ஆகஸ்ட் 3

அன்புள்ள ஒற்றருக்கு,

உங்கள் அறையின் முகவரி என்னிடம் இல்லை. அச்சகத்துக்கு எழுதுகிறேன். ஜூலையில் ஒரு கடிதம் எழுதினேன், அதையும் அங்கேதான் அனுப்பினேன். பதில் இல்லாததால் சேரவில்லையோ என்று நினைத்தேன். சேர்ந்திருக்கும் என்றும் நினைத்தேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் இப்போது யாரும் இல்லை. பாயைச் சுருட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தாயிற்று. அவரவர் கதவு சாத்தியிருக்கிறது. நடத்துநருக்கு வேறு தடத்தில் வேலை. அக்கா மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. பெரியவரைப் படியில் பார்த்தால், “என்னம்மா, சௌக்கியமா?” என்பார், “சௌக்கியம்” என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. எப்படி அவ்வளவு பேசினோம் என்றே தெரியவில்லை.

முடிவை மாற்றிக்கொண்டுவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். மாற்றவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பதில் எழுதச் சொல்லிக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

இதை எழுத உட்காரும்போது அடுப்பில் தண்ணீர் வைத்தேன். எழுதி முடிப்பதற்குள் பாதி வற்றிவிட்டது. அதில் என்ன போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்புடன்,
நான்